கூட்டைக் கட்டிவிட்டுக் கோழியைத் தேடுங்கள்

2022இல் முட்டை விலை ஏறினபோதுதான் கொழும்பில் பலருக்குப் பின்வளவு ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. முந்தின வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியதில் சோள விளைச்சல் விழுந்தது. பிறகு டொலரும் இல்லாமல் போக, கோழித்தீன் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. தீன் போட்டுக் கட்டாத பண்ணைக்காரர்கள் முட்டைக்கோழியை இறைச்சிக்கு விற்றார்கள். யூனில், வீட்டில் ஏதாவது பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். ஓகஸ்டில் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று உச்ச விலை போட்டார்கள். விலை பத்திரிகையில் இருந்தது, முட்டை கடையில் இல்லை. அடுத்த மார்ச்சில் இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்து இறங்கியது.

2022இலிருந்து என்னிடம் பிள்ளைகள் வந்து கேட்பது ஒரே கேள்விதான்: "அங்கிள், நல்ல கோழி எங்கே வாங்கலாம்?" அது கடைசிக் கேள்வி. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவற்றைக் கீழே இலக்கம் போட்டு எழுதியிருக்கிறேன்.

1. காசு மிச்சம் பிடிக்கலாம் என்று தொடங்காதீர்கள். ஒரு முட்டைக்கோழி நாளுக்கு 110 முதல் 120 கிராம் தீன் தின்னும். ஆறு கோழிக்கு மாதம் ஏறத்தாழ 21 கிலோ. பண்ணைச் சிவப்புக் கோழி முதல் வருடம் 300 முட்டைக்குக் கிட்ட இடும். நாட்டுக்கோழி அதில் கால்வாசி இட்டாலே பெரிய காரியம். மரம், வலை, தகரம், தச்சன் கூலி எல்லாவற்றையும் சேர்த்து முட்டையால் பிரித்துப் பார்த்தால், முதல் வருட முட்டை காலி வீதிக் கடை முட்டையை விட விலை கூடித்தான் நிற்கும். கடையில் முட்டை இல்லாத நாளில் உங்கள் வீட்டில் இருக்கும், குசினிக் கழிவில் ஒரு பங்கு குறையும், கறிவேப்பிலை மரத்துக்கு உரம் கிடைக்கும். அது போதும் என்றால் அடுத்த இலக்கத்துக்கு வாருங்கள்.

2. அளவுநாடாவை எடுக்க முன் மதிலுக்கு அப்பால் எட்டிப் பாருங்கள். வெள்ளவத்தையில் உங்கள் பின்வளவுக்கு அடுத்தது இன்னொருவருடைய படுக்கையறை யன்னல், அல்லது சாமியறை. அந்தப் பக்கம் கூடு வேண்டாம். மரம் வாங்க முன்னரே போய்ச் சொல்லுங்கள்: இத்தனை கோழி, எல்லாம் பேடு, கூளம் இன்ன நாளில் மாற்றுவோம், மணம் வந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கோ. கோழி வந்து கொக்கரித்த பிறகு போய்ச் சொல்வது தகவல், முதலே போனால்தான் மரியாதை. மாநகரசபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் பீ.எச்.ஐ. என்கிறவர், உங்கள் கூட்டைத் தானாகத் தேடி வருவது அருமை. யாரோ முறைப்பாடு கொடுத்துத்தான் வருவார். அந்த யாரோ மதிலுக்கு அப்பால்தான் இருப்பார். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். தொடர்மாடியென்றால் முகாமைத்துவக் குழு எழுத்தில் அனுமதி தராமல் தொடங்காதீர்கள். பெரும்பாலும் தராது.

3. சேவல் வேண்டாம். பேடு முட்டையிடச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை. இதைப் படித்தவர்களே நம்புகிறார்கள் இல்லை. விடியப்புறம் மூன்றரைக்குக் கூவத் தொடங்குகிற ஒரு சேவல், அக்கம்பக்கத்தில் பத்து வருடமாகச் சேர்த்த நல்ல பெயரை ஒரு கிழமையில் முடித்துவிடும்.

4. கூட்டின் முதுகைத் தென்மேற்கே வையுங்கள். கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. மே முதல் செப்டெம்பர் வரை அது நேராக விழாது, கடற்பக்கமிருந்து சாய்ந்து அடிக்கும். காலி வீதிக்குக் கடற்பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, யன்னல் சாத்த மறந்தால் கட்டில் நனைகிற வீடுகள் அவை. பின்னேர வெயிலும் அந்தப் பக்கம்தான், உப்புக் காற்றும் அந்தப் பக்கம்தான். ஆகவே தென்மேற்குப் பக்கத்தை அடியிலிருந்து கூரைக்கு ஒரு சாண் கீழ் வரை பலகையாலோ தகரத்தாலோ மூடிவிடுங்கள். அங்கே மதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. முகம் கிழக்கேயோ வடக்கேயோ பார்க்கட்டும், காலை வெயில் உள்ளே விழுந்து கூளத்தைக் காய வைக்கும். ஒக்ரோபர், நவம்பரில் பின்னேரம் இடி முழக்கத்தோடு வருகிற மழை தரைப்பக்கமிருந்தும் அடிக்கும். அதற்கு முகப்பில் இரண்டடி தாழ்வாரம் நீட்டி, சுருட்டி இறக்கக்கூடிய படங்கு ஒன்றைக் கட்டி வையுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை ஒரு பெருமழை விட்டதும் வளவில் நடந்து பார்த்துவிட்டுத்தான் குறி போட வேண்டும். வெயில் நாளில் எல்லா நிலமும் மேட்டு நிலமாகத்தான் தெரியும்.

5. அளவு. ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் 4 சதுர அடி, ஓடித்திரிகிற அடைப்பில் 10 சதுர அடி. ஆறு கோழிக்கு 6 அடிக்கு 4 அடிக் கூடும், 10 அடிக்கு 6 அடி அடைப்பும் சரி. இரண்டும் சேர்த்து 84 சதுர அடி. ஒரு பேர்ச் 272 சதுர அடி, அதில் மூன்றிலொன்றுகூட இல்லை. கூட்டைக் காலில் இரண்டடி உயர்த்தினால் கீழே கிடக்கிற நிழலும் கோழிகளுக்குத்தான். நிலம் குறைவென்றால் கோழியைக் குறையுங்கள், நெருக்கி அடைக்காதீர்கள். இடமில்லாத கோழி ஒன்றின் இறகை ஒன்று கொத்தும், இரத்தம் கண்டால் நிறுத்தாது. உயரத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடவே கூடாது. அடைப்பு ஆறடி இருக்கட்டும். குனிந்து கூட்ட வேண்டிய கூட்டை இரண்டாம் மாதத்துக்குப் பிறகு ஒருவரும் கூட்டுவதில்லை.

6. வலை வாங்குவதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். புறக்கோட்டையில் பழைய சோனகத் தெருவுக்குப் போனால் கடைக்காரர் முதலில் உருட்டிக் காட்டுவது அறுகோணக் கண் வைத்த மெல்லிய கோழிவலை. விலை குறைவு, பாரம் குறைவு, பேருந்திலேயே கொண்டுவரலாம். கோழி வெளியே போகாமல் அது மறிக்கும். பெருச்சாளிக்கு அது ஒரு தடையே அல்ல, பூனை அதற்குள்ளால் கையை விட்டு நித்திரைக் கோழியின் காலைப் பிடிக்கும்.

வெல்ட் மெஷ் என்று கேளுங்கள். கண் அரை அங்குலம். பிறகு கேஜ் இலக்கம் கேளுங்கள். இலக்கம் கூடக்கூடக் கம்பி மெலியும், 22 வாங்காதீர்கள், 18 அல்லது 16 வாங்குங்கள். அடுத்தது, கடை வாசல் வெளிச்சத்துக்கு ஒரு முனையைக் கொண்டுவந்து, கம்பியும் கம்பியும் சந்திக்கிற புள்ளிகளை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வலையைப் பற்றவைத்து முடித்த பிறகு நாகத்தில் தோய்த்திருந்தால் அந்தப் புள்ளி வழுவழுவென்று மூடிக்கொண்டு கிடக்கும், மூலையில் சின்னத் துளி உறைந்து நிற்கும். நாகம் பூசின கம்பியை எடுத்துப் பற்றவைத்திருந்தால் ஒவ்வொரு புள்ளியிலும் கருகின தழும்பு தெரியும். கறள் அந்தத் தழும்பில்தான் பிடிக்கத் தொடங்கும். பத்து மைல் உள்ளே இருக்கிறவருக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கடற்கரை ரெயில் பாதையிலிருந்து ஒரு ஒழுங்கை தள்ளியிருக்கிற வீட்டுக்கு இதுதான் வலையின் ஆயுள். இயலுமென்றால் நாகத்துக்கு மேல் பச்சைப் பிளாஸ்ரிக் பூசினதை வாங்குங்கள்.

வலையை மரத்தில் வளைந்த ஆணியால் மட்டும் அடித்து விடாதீர்கள், தள்ளத் தள்ளக் கழன்றுவிடும். வலைக்கு மேல் சிலாகை வைத்துத் திருகாணி முடுக்குங்கள். பிணைச்சலும் திருகாணியும் கறள் பிடிக்காத உருக்காகவோ பித்தளையாகவோ இருக்கட்டும். கதவுப் பிணைச்சல் உதிர்ந்துவிட்டால் மிச்ச வலை எவ்வளவு திறமென்றாலும் பயனில்லை. மரத்துக்கு மொறட்டுவைப் பக்கம் போனால் தெரிவு கூட, தளபாடப் பட்டறைகளில் மரத்தூளும் கேட்டு வாங்கலாம்.

7. யார் வருவார் என்று தெரிந்து கட்டுங்கள். நகரம்தானே, என்ன மிருகம் வரப்போகிறது என்பார்கள். 2018இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற ஊர் கொழும்பு. இங்கே சதுப்பு நிலங்களில் மீன்பிடிப் பூனை உலாவுகிறது. வெள்ளவத்தைக் கால்வாயில் கபரகொய்யா வெயில் காய்கிறதைப் பாலத்தில் நின்று பார்க்காதவர் குறைவு. அது முட்டையும் தின்னும், குஞ்சும் தின்னும், நீந்தும், ஏறும். பகலில் கீரி. இரவில் மரநாய், அது உங்கள் வீட்டுச் சீலிங்கிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கக்கூடும். சாரைப்பாம்பு முட்டைக்கு வரும். காகம் முட்டையைக் கொத்தித் தூக்கும், கொழும்புக் காகத்துக்கு வெட்கம் கிடையாது. இவை எல்லாவற்றுக்கும் மேலே எலியும் பெருச்சாளியும், அவற்றைப் பற்றிப் பதினோராம் இலக்கத்தில் தனியாகச் சொல்கிறேன்.

இத்தனை பேருக்கும் மருந்து மூன்று. அடைப்பின் தலையையும் வலையால் மூடுங்கள். அடியில் வலையை வெளிப்பக்கமாக ஒரு அடிக்கு மடித்து நிலத்தோடு படிய விட்டு, மேலே கல்லோ உடைந்த சீமெந்துத் துண்டோ பரப்புங்கள். தோண்டுகிற பிராணி சுவரோரத்தில்தான் தோண்டும். கீழே கம்பி தட்டுப்பட்டால், ஒரு அடி பின்னால் போய்த் தோண்டலாம் என்ற யோசனை அதற்கு வராது. வெள்ளவத்தை மணல் நிலத்தில் இதைத் தவிர்க்கவே முடியாது. மூன்றாவது, கதவுக்குத் திறாங்கும் போட்டு, கழன்று விழாத கொளுக்கி ஒன்றும் போடுங்கள். பொழுதுபடக் கோழிகள் தாமாகக் கூட்டுக்குள் போய்விடும். போனதும் எண்ணிப் பார்த்து மூடுங்கள்.

8. யூடியூப்பில் பார்த்த இங்கிலாந்துக் கூட்டைக் கட்டாதீர்கள். அந்த ஊரில் பனிக்குப் பயந்து நாலு பக்கமும் பலகை அடித்துச் சின்ன யன்னல் வைக்கிறார்கள். இங்கே அதற்குள் கோழி அவிந்துபோகும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் உடம்புச் சூட்டை இறக்க வேண்டும். ஈரக்காற்றில் அந்த வித்தையும் சரியாக நடக்காது. முதுகுப் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் வலையாக இருக்கட்டும். முதுகுப் பலகைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு வலையடியுங்கள், சூடும் மணமும் அதாலே போகும். காற்றோட்டம் போதுமா என்று பார்க்க, காலையில் கதவைத் திறந்ததும் கோழி படுத்த உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுங்கள். கண் கரித்தால் போதவில்லை.

கூரைக்குத் தகரம் போடலாம், சரிவு நன்றாக இருக்கட்டும். வெறும் தகரம் மத்தியானத்தில் அடுப்பு. கிடுகு கிடைத்தால் மேலே பரப்பிக் கட்டுங்கள், மழைச் சத்தமும் அடங்கும். கிடுகு இல்லையென்றால் கீழே அரையடி தள்ளிப் பழைய பலகைத் தட்டு ஒன்றை அடியுங்கள்.

9. குந்துதடியும் முட்டைப்பெட்டியும். தடி இரண்டு அங்குல மரம், விளிம்பைச் சீவி உருட்டியது, ஒரு கோழிக்கு எட்டு முதல் பத்து அங்குலம். தடி முட்டைப்பெட்டியை விட உயரத்தில் இருக்க வேண்டும். கோழி எப்போதும் உயரமான இடத்தைத் தேடித்தான் படுக்கும். பெட்டி உயரமென்றால் பெட்டிக்குள் படுக்கும், இரவு முழுக்க எச்சமிடும், காலையில் அதே இடத்தில் முட்டையிடும். பெட்டி ஒரு அடிச் சதுரம், நாலைந்து கோழிக்கு ஒன்று, இருட்டான மூலையில். ஆறு கோழிக்கு இரண்டு செய்யுங்கள், எப்படியும் எல்லாம் ஒன்றுக்கே வரிசை நிற்கும். முட்டையிடப் போகிற பேட்டை ஒருநாள் இருந்து பாருங்கள். உள்ளே போகும், வெளியே வரும், திரும்பப் போய்ச் சுழன்று சுழன்று நெஞ்சால் கூளத்தைக் குழியாக்கும், உமியை ஒவ்வொரு அலகாக எடுத்துத் தன் முதுகில் எறியும். அந்த நேரத்தில் கதவைத் திறந்து வெளிச்சம் விடாதீர்கள். பெட்டிக்கு வெளிப்பக்கம் மூடி வைத்தால் கூட்டுக்குள் போகாமலே முட்டை எடுக்கலாம்.

10. தரையில் உமியோ மரத்தூளோ ஆறு அங்குலம் போடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறி விடுங்கள், நனைந்த இடத்தை அன்றைக்கே அள்ளுங்கள். மணம் எச்சத்தால் வருவதை விட ஈரத்தால்தான் கூட வரும். அள்ளின கூளத்தை உடனே மரத்துக்குப் போட்டால் வேர் கருகும், இரண்டு மூன்று மாதம் குவித்து மக்க விடுங்கள். அடைப்பின் ஒரு மூலையில் காய்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து வையுங்கள். கோழி அதில் புரண்டு தன் பேனைத் தானே பார்த்துக்கொள்ளும்.

11. எலியும் நுளம்பும். கூட்டால் வருகிற முறைப்பாட்டில் பெரும்பங்கு கோழியைப் பற்றியதாக இராது, சிந்திக் கிடக்கிற தீனுக்கு வருகிற எலியைப் பற்றியதாக இருக்கும். எலி வந்தால் எலிக்காய்ச்சலும் வரலாம். தீன்பாத்திரத்தைப் பொழுதுபட எடுத்து மூடி வையுங்கள். தீனை இறுக்கமான மூடியுள்ள தகரப் பீப்பாயில் போடுங்கள். 50 கிலோ மூடை இலாபம் என்று வாங்காதீர்கள். ஆறு கோழி அதைத் தின்று முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் செல்லும், அதற்குள் கொழும்பு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். சோளத்தில் பிடிக்கிற பூஞ்சணம் விடுகிற நஞ்சு கோழியின் ஈரலைத் தின்னும். 25 கிலோவே போதும்.

தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் கழுவி மாற்றுங்கள். 2017இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டார்கள். நுளம்பு பெருக இடம் வைத்தால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்கே போடலாம். வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது கூட்டுக்குப் பின்னால் கிடக்கிற வாளியைத்தான்.

12. கொட்டாஞ்சேனைக்காரருக்கு ஒரு தனிக் குறிப்பு. ஜம்பட்டா வீதிப் பக்கம் வளவென்று சொல்வது பாதி இடத்தில் ஒரு சீமெந்து முற்றம். தோண்டுகிற பயம் இல்லை, ஆனால் எலி கான் வழியாக வரும். கான் வாயில் வலை அடித்துவிட்டுக் கூட்டைத் தொடங்குங்கள். சீமெந்தில் கோழி கிளற ஒன்றுமில்லை, ஆகவே அடைப்பிலும் கூளம் போட வேண்டும், ஓரத்தில் ஒரு செங்கல் வரி வைத்தால் வெளியே சிதறாது. மொட்டைமாடியில் வைக்க நினைப்பவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு அங்கே ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

13. இனிக் கோழி. ஒருநாள் குஞ்சு வாங்காதீர்கள், வெப்பம் கொடுத்து வளர்க்கிறது இன்னொரு கலை. 16 முதல் 18 கிழமைப் பேடுகளை வாங்குங்கள், ஒரு மாதத்துக்குள் முட்டை காணலாம். என்ன தடுப்பூசி எந்தத் திகதியில் போட்டது என்று எழுதி வாங்குங்கள். இராணிக்கெட் நோய் வந்தால் கூடு ஒரு கிழமையில் காலியாகிவிடும், மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். அதைக் கன்னொறுவையில் உள்ள அரச கால்நடை ஆராய்ச்சி நிலையமே செய்கிறது. அடுத்தது எப்போது போட வேண்டும் என்று உங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரிடம் கேளுங்கள். எல்லாக் கோழியையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்குங்கள். பிறகு ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்தால் இரண்டு கிழமை தனியாக வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள்.

14. இரண்டு வருடம் போக முட்டை குறையும். அந்தக் கோழியை என்ன செய்வது என்பதை வாங்க முன்னரே வீட்டில் எல்லாரும் இருந்து கதைத்து முடிவெடுங்கள். கறிக்குத்தான் என்றால் பிள்ளைகளை அதற்குப் பெயர் வைக்க விடாதீர்கள். வீட்டில் அம்மம்மா சைவமென்றால் அவருக்கும் இதில் சொல் இருக்கிறது. சாகும்வரை வைத்திருப்போம் என்றால் அதுவும் சரி, ஆனால் ஆறு இடத்தில் ஆறும் கிழவிகள் இருக்க, புதிதாக விடவும் இடமிராது.

15. ஆவணியில் வெள்ளவத்தையில் பாதி நல்லூருக்குப் போய்விடும். திருவிழா 25 நாள். நீங்கள் ஐந்து நாள் போனாலும் கூட்டை ஆர் பார்ப்பது? பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள், அந்த நாட்களின் முட்டை அவருக்கே. போவதற்கு முந்தின பின்னேரம் அவரைக் கூப்பிட்டு, நீங்கள் சும்மா நிற்க அவரே தீனை எடுத்து மூடி, தண்ணீர் மாற்றி, கோழியை எண்ணி, திறாங்கு போட்டுக் காட்டட்டும். கால்நடை வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தைக் கதவின் உட்பக்கம் பெயின்றால் எழுதி வையுங்கள், கடதாசியில் எழுதினால் மழைக்கு அழிந்துவிடும். பூட்டுக்கு இரண்டாவது சாவி ஒன்று வெட்டுவித்து, அதைக் கேட்க விடாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.